ஸ்கைரிமில் முப்பது மணி நேரம் ஆகிவிட்டது, இன்னும் அந்த மலையில் ஏறவில்லை

மூட்டைதூக்கி:

எல்லாருக்கும் வணக்கம். 2011-ல் வந்த விளையாட்டுக்கு இப்போது வந்து இழை தொடங்குகிறேன், சிரிக்காதீர்கள். இதுவரை நான் ஆடியதெல்லாம் கார் பந்தயமும் கால்பந்தும்தான். அவற்றில் எங்கே போவது என்ற கேள்வியே கிடையாது. ஓடுபாதை இருக்கும், கோல் கம்பம் இருக்கும், அவ்வளவுதான். இப்படித் திறந்துவிட்ட உலகம் எனக்கு இதுதான் முதல்.

ஆரம்பம் உங்களுக்குத் தெரியும். கையைக் கட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள், வெட்டுமரத்தில் தலையை வைக்கிறார்கள், டிராகன் வந்து கோபுரத்தின் மேல் உட்காருகிறது. அதுவரைக்கும் ஏதோ படம் பார்ப்பது மாதிரிதான் இருந்தது. எனக்கு உண்மையில் விளையாட்டு தொடங்கியது குகைக்குள் அந்தக் கரடியிடம். கூட வந்தவர் தன் வில்லைக் கொடுத்து, வேண்டுமானால் அடி, இல்லாவிட்டால் சத்தம் காட்டாமல் பதுங்கிப் போகலாம் என்கிறார். நான் பதுங்கினேன். திரையில் இருக்கும் அந்தக் கண் கொஞ்சம் திறந்தால் நான் நிற்பேன், மூடினால் நகர்வேன். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நானே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கரடி எழுந்திருக்கவில்லை. தாண்டி வந்த பிறகு, சரி, அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று திரும்பிப் போய் அடித்துப் பார்த்தேன். இரண்டே அறை.

வெளியே வந்ததும் அவர் ரிவர்வுட் கிராமத்துப் பக்கம் இறங்கிப் போய்விட்டார். நான் பட்டாம்பூச்சி பிடித்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் பிளீக் ஃபால்ஸ் பாரோ என்ற பழைய கல்லறை, அங்கே கதவைத் திறக்கும் தங்க நகம், வைட்ரன் நகரத்துக் காவல் கோபுரத்தில் முதல் டிராகன், எல்லாம் முடிந்தது. வானத்திலிருந்து குரல் கூப்பிட்டது. 7,000 படி ஏறி, மலை மேல் துறவிகள் இருக்கும் ஹை ஹ்ரோத்கர் மடத்துக்குப் போ என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள். நானும் கிளம்பினேன். ரிவர்வுட்டைத் தாண்டியதும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு குடிசை தெரிந்தது. சும்மா எட்டிப் பார்ப்போம் என்று போனேன். அன்றிலிருந்து இன்றுவரை பாதைக்குத் திரும்பவே இல்லை. விளையாட்டு நேரம் முப்பது மணியைத் தாண்டிவிட்டது.

கேள்வி இதுதான்: நான் தப்பாக ஆடுகிறேனா? கதையை முடித்துவிட்டுச் சுற்ற வேண்டுமா? வழிகாட்டி வீடியோ ஏதாவது பார்த்துக்கொண்டு ஆடுவது நல்லதா?

சும்மாவந்தவன்:

மலை எங்கேயும் போகாது. ஆரம்பத்தில் கோபுரத்தில் வந்து உட்கார்ந்த டிராகன் ஆல்டுயினும் காத்திருப்பார். அவருக்கு வேறு வேலை இல்லை.

கல்லுளி:

குடிசை என்றால் ஒரு பாட்டி வாசலில் உட்கார்ந்திருப்பாரே, அதுவா? கீழே இறங்கினீர்களா?

மூட்டைதூக்கி:

அதேதான்! ஸ்பாய்லர் வேண்டாதவர்கள் அடுத்த பதிவுக்குத் தாவிவிடுங்கள்.

பாட்டி பெயர் அனீஸ். ஏழைக் கிழவி, தனியாக இருக்கிறேன் என்று பாவமாகப் பேசினார். உள்ளே போனால் கட்டில், சட்டி, பானை. தரையில் ஒரு மரக்கதவு. திறந்து இறங்கினால் கீழே மருந்து காய்ச்சும் மேசை, மந்திரம் ஏற்றும் மேசை எல்லாம் ஜம்மென்று இருக்கிறது. ஏழைக் கிழவிக்கு இதெல்லாம் எதற்கு? ஒரு கடிதமும் கிடந்தது. சூனியக்காரிகள் சேர்ந்து ஒரு கூட்டம் அமைப்பதைப் பற்றி யாருக்கோ எழுதி வைத்திருக்கிறார். அதைப் படித்துவிட்டு ஒன்றும் தெரியாதவன் மாதிரி மேலே ஏறி வந்தேன். பாட்டி என் மேல் பாய்ந்துவிட்டார்.

இதில் என்னைப் பிடித்துக்கொண்டது என்னவென்றால், யாரும் என்னை அங்கே அனுப்பவில்லை. குறிப்பேட்டில் 'பாட்டியை விசாரி' என்று ஒரு வரி இல்லை. முடித்த பிறகு பாராட்டும் இல்லை, பரிசும் இல்லை. நான் போகாமல் இருந்திருந்தால் அவர் பாட்டுக்கு வாசலில் உட்கார்ந்திருப்பார்.

பழையபெட்டி:

தம்பி, நீங்கள் தப்பாக ஆடவில்லை. ஆடவேண்டிய விதமே அதுதான். வீடியோ எதையும் பார்க்காதீர்கள். முதல் தடவை தொலைந்துபோவது ஒரே ஒரு முறைதான் கிடைக்கும். அப்புறம் நாமே நினைத்தாலும் தொலைய முடியாது.

எனக்கு இதே வரிசையில் மோரோவிண்ட் முதல். 2002. கப்பலிலிருந்து இறக்கிவிட்டு, பெயரைக் கேட்டுவிட்டு, ஒரு பொட்டலத்தைக் கொடுத்து இன்னாரிடம் சேர்த்துவிடு என்றார்கள். அதோடு சரி. அம்புக்குறி இல்லை, பச்சைப் புள்ளி இல்லை. செய்டா நீன் என்ற அந்தச் சின்ன ஊரை விட்டு நடந்து கொஞ்ச தூரம்கூடப் போயிருக்க மாட்டேன், எங்கேயோ அலறல் கேட்டது. சுற்றிப் பார்த்தேன், யாரும் இல்லை. மேலே பார்த்தால் ஒரு ஆள் வானத்திலிருந்து விழுந்துகொண்டிருக்கிறான். தொப்பென்று எனக்கு முன்னால் விழுந்து செத்தான்.

உடம்பைத் தேடினால் ஒரு நாட்குறிப்பும் மூன்று மந்திரச் சுருள்களும். தான் கண்டுபிடித்த மந்திரத்தைப் பற்றி ஆசாமி பெருமையாக எழுதி வைத்திருந்தான். பறப்பதற்கு இல்லை, தாவுவதற்கு. குதிக்கும் திறமையை 7 விநாடிக்கு 1,000 புள்ளி கூட்டும். எனக்கு அப்போது குதிக்கும் திறமை பத்தோ பதினைந்தோ. அதன் அர்த்தம் புரியாமல் ஒரு சுருளைப் படித்துவிட்டுக் குதித்தேன்.

ஊர் சுருங்கியது. கடற்கரை சுருங்கியது. மலை காலுக்குக் கீழே போனது. ஆகா, எவ்வளவு பெரிய உலகம் என்று நான் வாயைப் பிளந்துகொண்டிருக்கும்போதே 7 விநாடி முடிந்திருக்கிறது. இறங்கும்போதுதான் அந்த ஆள் ஏன் அலறினான் என்று புரிந்தது. சேவ் போட்டு ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

எந்தக் குறிப்புப் புத்தகமும் இதைவிட நன்றாக அந்த விளையாட்டைச் சொல்லித்தந்திருக்க முடியாது. ஆகவே என் யோசனை: திசைகாட்டியையும், போகவேண்டிய இடத்தைக் காட்டும் குறிகளையும் முதல் வேலையாக அணைத்துவிடுங்கள்.

கல்லுளி:

தரையைத் தொடுவதற்குச் சற்று முன் இரண்டாவது சுருளைப் படித்தால் உயிரோடு இறங்கலாம். மூன்று சுருள் இருந்தது அதற்குத்தான் என்று எனக்குப் பத்து வருடம் கழித்துத்தான் உறைத்தது.

நாழிகை:

பழையபெட்டி அண்ணன் சொன்ன கதை அருமை, யோசனையை மட்டும் நான் ஏற்கவில்லை.

மோரோவிண்டில் குறி இல்லாமல் ஆட முடிந்தது என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே வேலை கொடுக்கிறவர் வாயால் வழி சொல்வார். இந்தச் சாலையில் தெற்கே போ, பாலம் வரும், தாண்டாதே, இடது பக்கம் மலையை ஒட்டிப் போனால் கதவு தெரியும் என்கிற மாதிரி. அது அப்படியே குறிப்பேட்டில் ஏறும். சில சமயம் அவர் சொன்ன வழியே தப்பாக இருக்கும், அது வேறு கதை. ஸ்கைரிமில் அந்தப் பேச்சே இல்லை. இன்ன குகையிலிருந்து இன்ன வாளைக் கொண்டு வா என்று ஒரு வரி, அதோடு முடிந்தது. மீதியைக் குறி பார்த்துக்கொள்ளும் என்று நம்பித்தான் எழுதியிருக்கிறார்கள். அதை அணைத்துவிட்டால் சாகசம் வராது, எரிச்சல்தான் வரும். அந்தக் குகை எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்றே தெரியாமல் எத்தனை நாள் அலைவது?

என் வழி வேறு. குறிப்பேட்டில் ஒவ்வொரு வேலையையும் தனித்தனியாக இயக்கவும் அணைக்கவும் முடியும். ஊர் சுற்றும்போது எல்லாவற்றையும் அணைத்து வைத்திருப்பேன். ஒரு வேலையை முடித்தே ஆக வேண்டும் என்று தோன்றும்போது அதை மட்டும் எரியவிடுவேன். வேலை எதுவும் எரியாதபோது திசைகாட்டியில் பக்கத்து இடங்களின் சின்னச் சின்ன உருவங்கள் மட்டும் தெரியும், கோட்டை, குகை, முகாம் என்று. அது போதும், கால் தானாகப் போகும்.

இன்னொன்று. வரைபடத்தைத் தொட்டு ஒரே தாவலில் போகும் ஃபாஸ்ட் டிராவலைக் கொஞ்ச நாள் தொடாதீர்கள். வைட்ரன் லாயத்துக்கு வெளியே குதிரைவண்டி நிற்கும், காசு கொடுத்தால் மற்ற பெரிய ஊர்களுக்குக் கொண்டுபோய் விடுவார். போவதற்கு வண்டி, திரும்பி வருவதற்கு நடை. இதுதான் என் கணக்கு.

பழையபெட்டி:

நியாயம். வழி சொல்லாத ஊரில் குறியையும் அணைக்கச் சொன்னது என் தப்புதான். ஆனாலும் அந்தக் குறியைப் பார்த்துக்கொண்டே ஓடுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பொறுக்காது. திரையின் மேல் விளிம்பில் இருக்கும் ஒரு சின்னக் கோட்டைப் பார்த்துக்கொண்டே முழு மலைத்தொடரையும் கடந்துவிடுவார்கள். கேட்டால் விளையாட்டு போரடிக்கிறது என்பார்கள்.

குதிரைகேட்டவன்:

நான் எல்டன் ரிங் ஆள். 2022-ல் அதுதான் எனக்கு முதல் திறந்த உலகம். நீங்களெல்லாம் குறி வேண்டுமா வேண்டாமா என்று பேசுகிறீர்கள். எங்களுக்குக் குறிப்பேடே கிடையாது. ஓய்வெடுக்கும் இடங்களிலிருந்து தங்க ஒளிக்கீற்று ஒன்று ஒரு பக்கமாகச் சாயும், தோராயமாக அந்தப் பக்கம் போ என்று அர்த்தம். பிடிக்காவிட்டால் போகாதே.

லிம்கிரேவ் என்ற முதல் நிலப்பகுதியில் இறங்கிய உடனே எதிரில் தங்கக் கவசம் போட்ட ஒரு குதிரைவீரன் உலாத்திக்கொண்டிருப்பான். முதல் எதிரி அல்லவா, பலவீனமாகத்தான் இருப்பான் என்று போனேன். ஆறு தடவை செத்தேன். ஏழாவது தடவைதான் அவனைச் சுற்றிப் போகலாம் என்ற எண்ணமே வந்தது. சண்டை போடாமல் விலகிப்போவதும் ஒரு வழி என்று அந்த ஆள்தான் கற்றுக்கொடுத்தான்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்தப் பெட்டியைப் பற்றி. ஏரிக்கரையில் எரிந்துபோன இடிபாடு ஒன்று உண்டு. கீழறையில் ஒரு பெட்டி. பெட்டியைக் கண்டால் திறக்காமல் இருக்க முடியுமா? திறந்தேன், புகை வந்தது, கண் விழித்தால் எங்கேயோ ஒரு சுரங்கத்துக்குள் இருக்கிறேன். சுற்றிலும் படிகம் வெட்டும் சத்தம். பூச்சி மாதிரி ஏதோ ஒன்று தூரத்திலிருந்தே என்னைக் குத்திக் கொன்றது. வரைபடத்தைத் திறந்து தப்பித்துப் போகலாம் என்றால் அங்கிருந்து தாவ முடியாது என்றது. சரி, ஓடு. செத்துச் செத்து ஓடி ஒரு வழியாக வெளிவாசலைக் கண்டுபிடித்தேன். அப்பாடா என்று வெளியே கால் வைத்தால் வானம் முழுக்கச் சிவப்பு.

அங்கே நின்றபோது பயத்தைவிட இன்னொன்று தோன்றியது. காலையிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்த பச்சைப் புல்வெளிதான் மொத்த விளையாட்டும் என்று நினைத்திருந்தேன். வரைபடத்தைத் திறந்தால் நான் இருக்கும் புள்ளி வலது பக்கம் எங்கேயோ வெறும் இருட்டில் கிடக்கிறது. நடுவில் எவ்வளவு இருக்கிறதோ!

சும்மாவந்தவன்:

அந்தப் பெட்டியில் ஏமாறாதவன் யாரும் இல்லை. ஏமாறவில்லை என்று சொல்கிறவன் வீடியோ பார்த்தவன்.

அரைத்தூக்கம்:

எனக்கு ஒரு நடைமுறைச் சந்தேகம், இங்கேயே கேட்கிறேன். ஸ்கைரிம் ஆட ஆசைதான். ஆனால் அரை மணி நேரத்தில் தலைசுற்றல், குமட்டல் வந்துவிடுகிறது. குகைக்குள் இன்னும் மோசம். உங்களில் யாருக்காவது இப்படி உண்டா, நான் மட்டும்தானா? இதனாலேயே மூன்று முறை, டிராகன் வரும் அந்த ஆரம்ப ஊரான ஹெல்கனோடு நிறுத்திவிட்டேன்.

நாழிகை:

உங்களுக்கு மட்டும் இல்லை தோழி. பலருக்கும் பார்வைக் கோணம் குறுகலாக இருப்பதுதான் காரணம். குறுகலான குழாய் வழியாகப் பார்ப்பது மாதிரி இருக்கும், திரும்பும்போதெல்லாம் மூளை குழம்பும். கணினியில் ஆடுகிறீர்கள் என்றால் விளையாட்டுக்குள் கட்டளை அடிக்கும் கன்சோல் பெட்டியைத் திறந்து எஃப்-ஓ-வி என்ற மூன்று ஆங்கில எழுத்தையும் இடைவெளி விட்டு 90 என்றும் அடித்துப் பாருங்கள். அதோடு, கதாபாத்திரத்தின் முதுகுக்குப் பின்னாலிருந்து பார்க்கும் கோணத்துக்கு மாறிக்கொள்ளுங்கள். திரையின் நடுவில் அசையாத ஒரு ஆள் இருந்தால் கண்ணுக்கு ஒரு பிடி கிடைக்கும். அறை விளக்கைப் போட்டுக்கொண்டு, கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். குமட்டல் தொடங்கிய பிறகு சமாளித்து ஆடலாம் என்று நினைக்காதீர்கள், உடனே நிறுத்திவிடுங்கள்.

அரைத்தூக்கம்:

90 போட்டேன். முதுகுக் கோணம் போட்டேன். ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது, ரிவர்வுட்டில் விறகு வெட்டிக்கொண்டிருக்கிறேன். இதற்காகவா இத்தனை வருடம் காத்திருந்தேன் என்று கேட்டால், ஆமாம்.

மூட்டைதூக்கி:

வாழ்த்துகள்! விறகு வெட்டி விற்றுத்தான் நானும் முதல் காசு பார்த்தேன்.

நேற்று நடந்தது. வைட்ரனுக்கு மேற்கே சமவெளியில் ராட்சதர் ஒருவர் நெருப்பு மூட்டி, மாமத் யானைகளை மேய்த்துக்கொண்டிருந்தார். கிண்ணங்களில் பாலாடைக்கட்டி வைத்திருந்தார். எனக்கு ஆசை வந்துவிட்டது. கிட்டே போனால் காலைத் தரையில் அடித்து எச்சரித்தார். நான் அதை வரவேற்பு என்று எடுத்துக்கொண்டேன். அடுத்த கணம் தடியால் ஓங்கி ஒரே அடி. என் உடம்பு மேகத்துக்குள் போய்விட்டது. செத்துவிட்டேன் என்பது தெரிந்தும் உடம்பு இன்னும் ஏறிக்கொண்டே இருப்பதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தேன். பழையபெட்டி அண்ணனின் சுருள் ஞாபகம் வந்தது.

ஒரு சந்தேகம். இந்த உலகத்தில் எல்லா எதிரிகளும் என் லெவலுக்கு ஏற்ற மாதிரி மாறிக்கொள்வார்கள் என்று படித்தேன். அப்படியென்றால் ராட்சதர் மட்டும் ஏன் இப்படி?

நாழிகை:

நீங்கள் படித்தது இதே வரிசையில் ஸ்கைரிமுக்கு முன் வந்த ஒப்ளிவியனைப் பற்றியதாக இருக்கும். 2006-ல் வந்த அதில்தான் நீங்கள் வளர வளரக் கிட்டத்தட்ட ஊரே வளரும். கடைசிக் கட்டத்தில் சாலையோரம் மிரட்டிக் காசு பறிக்கும் கொள்ளைக்காரன்கூட விலை உயர்ந்த கண்ணாடிக் கவசம் போட்டுக்கொண்டு நிற்பான். அதை விற்றாலே பிழைத்துக்கொள்ளலாமே, அப்புறம் எதற்குக் கொள்ளை என்று கேட்காத ஆள் கிடையாது.

ஸ்கைரிமில் அதைத் திருத்தினார்கள். ஒவ்வொரு குகைக்கும் கோட்டைக்கும் இதற்குக் கீழே இறங்காது, சிலவற்றில் இதற்கு மேலே ஏறாது என்று ஒரு வரம்பு உண்டு. அந்த வரம்புக்குள், நீங்கள் முதல் தடவை உள்ளே நுழையும்போது உங்கள் லெவல் என்னவோ அதைப் பார்த்து அந்த இடம் தன் பலத்தைப் பூட்டிக்கொள்ளும். ஆகவே இன்றைக்கு எட்டிப் பார்த்து அடி வாங்கி ஓடி வந்த குகைக்குப் பத்து லெவல் கழித்துப் போனால், அது பழைய பலத்திலேயே இருக்கும். பழி வாங்கலாம். ராட்சதரோ உங்கள் லெவலைக் கேட்டுக்கொண்டு தடியைத் தூக்குகிறவர் இல்லை.

கல்லுளி:

பதிவின் முதலில் தங்க நகம் என்று ஒரே வார்த்தையில் தாண்டிவிட்டீர்களே. அந்தக் கதவை எப்படித் திறந்தீர்கள்? உண்மையைச் சொல்லுங்கள்.

மூட்டைதூக்கி:

மாட்டிக்கொண்டேன்.

மூன்று வளையம், ஒவ்வொன்றிலும் கரடி, விட்டில், ஆந்தை. சுவர் முழுக்கச் சிற்பங்கள். விடை சிற்பத்தில்தான் இருக்கும் என்று நினைத்து அந்த நீளக் கூடத்தில் தீப்பந்தத்தை வைத்துக்கொண்டு மேலும் கீழும் இருபது நிமிடம் நடந்தேன். இந்தச் சிற்பத்தில் இருப்பது ஆந்தையா, இறக்கை வைத்த மனிதனா என்று தனியாகப் புலம்பிக்கொண்டிருந்தேன். சிலந்தி வலையில் சிக்கியிருந்தவனின் நாட்குறிப்பில் விடை உன் உள்ளங்கையில் இருக்கிறது என்கிற மாதிரி ஒரு வரி இருந்தது. அதைத் தத்துவம் என்று நினைத்துத் தாண்டிவிட்டேன்.

கடைசியில் மூட்டையில் இடம் பற்றவில்லை என்று சாமான்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக் கீழே போட்டுக்கொண்டிருந்தேன். நகத்தின் மேல் வந்தபோது மவுஸ் தற்செயலாக இழுபட்டு நகம் திரும்பியது. அதன் உள்ளங்கையில் மூன்று படமும் வரிசையாகப் பொறித்திருந்தது. சாமான்களை இப்படித் திருப்பிப் பார்க்க முடியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அன்றைக்கு ராத்திரி பையில் இருந்த அத்தனை கரண்டியையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

கல்லுளி:

மூன்று வளையம், தலைக்கு மூன்று படம். மொத்தமே 27 வகைதான். கண்ணை மூடிக்கொண்டு சுழற்றியிருந்தாலே ஐந்து நிமிடத்தில் திறந்திருக்கும்.

பழையபெட்டி:

திறந்திருக்கும். ஆனால் கரண்டியைத் திருப்பிப் பார்த்திருக்க மாட்டார்.

குதிரைகேட்டவன்:

கரண்டி எல்லாம் ஏன் பையில் இருந்தது என்று யாருமே கேட்கவில்லையே.

மூட்டைதூக்கி:

பெயரைப் பாருங்கள்.

முதல் பத்து மணி நேரம் கண்ணில் பட்டதை எல்லாம் எடுத்தேன். வாளி, கரண்டி, துடைப்பம், செத்தவன் செருப்பு. ஆரம்பத்தில் 300 எடைதான் தூக்க முடியும். 301 ஆனால் ஆள் ஊர்ந்துதான் போவான், ஃபாஸ்ட் டிராவலும் கிடையாது. மந்திரச் சக்தி, உயிர், ஸ்டாமினா மூன்றில் ஒன்றை லெவலுக்கு லெவல் கூட்டலாம் என்றால் நான் ஸ்டாமினாவையே கூட்டினேன், ஒவ்வொரு தடவையும் 5 எடை கூடும் என்பதற்காக. டிராகனைக் கொல்லப் பிறந்தவன் என்று ஊரே சொல்கிறது, நான் மூட்டை தூக்கும் கூலியாக வளர்ந்துகொண்டிருக்கிறேன். லிடியா என்ற துணை வீராங்கனை கூட வந்த பிறகு பாதியை அவர் தலையில் கட்டிவிட்டேன். உங்கள் பாரத்தைச் சுமக்கக் கடமைப்பட்டவள் என்று அவர் சொல்லும் தொனியைக் கேட்டால் வாளியைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் போல இருக்கும்.

சும்மாவந்தவன்:

வாளியைக் கீழே போடாதீர்கள். கடைக்காரர் தலையில் கவிழ்த்துவிட்டுக் கடையைக் காலி செய்யலாம். முகத்தை மறைத்தால் அவருக்குக் கண் தெரியாது. நான் செய்ததில்லை. நண்பன் செய்தான்.

பழையபெட்டி:

இந்த இழையில் ஒரு பழைய கணக்கையும் போட்டு வைக்கிறேன். இதே வரிசையில் 1996-ல் டாகர்ஃபால் என்று ஒன்று வந்தது. அதன் நிலப்பரப்பு சுமார் 1,61,600 சதுர கிலோமீட்டர் என்பார்கள். ஊர்களும் வீடுகளும் குகைகளுமாக ஆயிரக்கணக்கில். ஸ்கைரிம் சுமார் 37 சதுர கிலோமீட்டர். ஆனால் டாகர்ஃபாலில் ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு யாரும் நடந்து போனதாக நான் கேட்டதில்லை. பெரும்பகுதியைக் கணினி விதிகளைக் கொண்டு உருவாக்கியது, வழி நெடுக ஒன்றுமே இருக்காது. வரைபடத்தைத் தொட்டுத் தாவுவதுதான் ஒரே வழி. மூட்டைதூக்கித் தம்பி ஆற்றைத் தாண்டினால் ஒரு பாட்டி இருக்கிறார் என்றால், யாரோ ஒருவர் உட்கார்ந்து அந்தப் பாட்டியை அங்கே வைத்திருக்கிறார். அந்தக் கடிதத்தை எழுதியிருக்கிறார். யாராவது வருவார்கள் என்ற நம்பிக்கையில்.

நாழிகை:

கண்ணில் படும்படி வைப்பதும் ஒரு வித்தை அண்ணே. பிரெத் ஆஃப் தி வைல்டு என்ற திறந்த உலக விளையாட்டைச் செய்த நிண்டெண்டோ குழுவினர் 2017-ல் ஜப்பானில் ஒரு மாநாட்டில் இதை விளக்கினார்கள். நிலத்தில் முக்கோணங்களாகப் பார்த்துப் பார்த்து வைத்தார்களாம். பெரிய முக்கோணம் என்றால் மலை, தூரத்திலிருந்து உங்களை இழுக்கும். நடுத்தரமானது பின்னால் இருப்பதை மறைக்கும். ஏறிப் போவதா, சுற்றிப் போவதா என்று உங்களுக்கு ஒரு கேள்வியும் வைக்கும். எந்தப் பக்கம் போனாலும் மறைந்திருந்த ஒன்று மெல்ல வெளியே வரும். அதைப் பார்க்கப் போனால் இன்னொன்று. நாம் சொந்தமாகத் திரிகிறோம் என்று நினைத்துக்கொண்டிருப்போம்.

குதிரைகேட்டவன்:

இதைத் தெரிந்துகொண்டிருக்கவே வேண்டாம். இனி எந்த மலையைப் பார்த்தாலும் முக்கோணம்தான் தெரியும்.

அரைத்தூக்கம்:

இடையில் ஒன்று. ராத்திரி ரிவர்வுட்டை விட்டு முதல் தடவையாக வெளியே வந்தேன். இசை தணிந்து, காற்றுச் சத்தம் மட்டும் இருந்தது. வானத்தில் பச்சையாக ஒரு திரை ஆடிக்கொண்டிருந்தது. ஓநாய் பின்னால் வந்து கடிக்கும் வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். முதுகுக் கோணத்தில் இருந்ததால் ஓநாய் வருவது தெரிந்தது. இருந்தும் நகரவில்லை.

சும்மாவந்தவன்:

மூட்டைதூக்கி எங்கே? மலை ஏறினாரா, இல்லை இன்னொரு பாட்டி வீட்டுக்குள் போய்விட்டாரா?

மூட்டைதூக்கி:

ஏறினேன்! நான்கு நாள் காணாமல் போனதற்கு மன்னிக்கவும்.

நாழிகை சொன்னபடி எல்லாக் குறிகளையும் அணைத்துவிட்டு ஐவர்ஸ்டெட் வரை நடந்தே போனேன். மலையடிவாரத்தில் பாலத்தருகே கிளிமெக் என்று ஒருவர். மேலே இருக்கும் துறவிகளுக்குச் சாப்பாட்டுச் சாமான் கொண்டுபோவது அவர் வேலை. வயதாகிவிட்டது, கால் ஒத்துழைக்கவில்லை, நீ ஏறுவதானால் இந்தப் பையையும் கொண்டுபோய் மேலே இருக்கும் பெட்டியில் போட்டுவிடு என்றார். மூட்டை என்றால் நான் மாட்டேன் என்று சொல்வேனா?

7,000 படி என்பது சும்மா. எண்ணிக்கொண்டே ஏறினேன், ஆயிரத்தைக்கூடத் தொடவில்லை. ஆனால் ஏற ஏறப் பனி அதிகமாகி எதிரில் ஒன்றும் தெரியவில்லை. நடுவழியில் பாறை இடுக்கில் வெள்ளையாக ஏதோ அசைந்தது. பனி என்று நினைத்தேன், பனிப் பூதம். நான் வெட்ட வெட்ட அதற்கு உயிர் திரும்பிக்கொண்டே இருந்தது. லிடியா மண்டியிட்டுவிட்டார். மூன்று முறை செத்து, நான்காவது முறை எப்போதோ வாங்கி மறந்திருந்த நெருப்பு மந்திரம் ஞாபகம் வந்து கொளுத்தினேன். அதற்கு நெருப்புதான் ஆகாது போலிருக்கிறது.

உச்சிக்குப் போனதும் கதவைத் திறந்து உள்ளே போய் அந்தப் பெரியவர்களைப் பார்த்தேன். பேசினார்கள், கற்றுக்கொடுத்தார்கள். வெளியே வந்து கீழே பார்த்தேன். மேகம் விலகிய இடத்தில் நான் முப்பது மணி நேரம் சுற்றிய அத்தனையும் ஒரு கையளவுக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு இறங்கிவிட்டேன்.

கல்லுளி:

வழியில் பொறித்த கல்பலகைகள் இருந்ததே, படித்தீர்களா? பத்து உண்டு. பத்தையும் படித்தால் ஒரு நாள் முழுக்க விலங்குகள் உங்கள் மேல் பாயாது.

மூட்டைதூக்கி:

இரண்டு படித்தேன். மீதியைப் பனியில் பார்க்கவே இல்லை.

பழையபெட்டி:

பையை என்ன செய்தீர்கள் தம்பி?

மூட்டைதூக்கி:

எந்தப் பை?

மூட்டைதூக்கி:

ஐயோ.

இப்போதுதான் திறந்து பார்த்தேன். கரண்டிகளுக்கு நடுவில் இருக்கிறது. பெட்டி வாசலிலேயே இருந்திருக்கும், குறியை அணைத்து வைத்ததில் நினைவே இல்லை. நான் இப்போது ஐவர்ஸ்டெட் பாலத்தில் நிற்கிறேன், எதிரில் கிளிமெக் நின்றுகொண்டு என்னையே பார்க்கிறார்.

நாழிகை:

இதற்கு நான் பொறுப்பில்லை. இப்போது ஃபாஸ்ட் டிராவல் பண்ணிக்கொள்ளலாம், ஹை ஹ்ரோத்கர் வரைபடத்தில் வந்திருக்கும்.

மூட்டைதூக்கி:

வேண்டாம், நடந்தே ஏறுகிறேன். எட்டுப் பலகை பாக்கி இருக்கிறது.